பி.வி.சி. என்று சொல்லி பஃப் விற்றார்கள்: படகுக்கு ஃபோம் வாங்குபவர்கள் பில்லைப் பாருங்கள்

நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகு கட்டுகிறேன். போன வருடம் நான் கட்டிக் கொடுத்த 32 அடிப் படகு ஒன்றின் டெக், நான்கே மாதத்தில் உள்ளுக்குள் விட்டுப்போனது. காரணம், இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் வைத்த ஃபோம். 80 டென்சிட்டி (கன மீட்டருக்கு 80 கிலோ) பி.வி.சி. ஃபோம் என்று எனக்கு விற்கப்பட்டது பஃப், அதாவது பாலியூரித்தேன் ஃபோம். ஐஸ் பெட்டிக்கும் மீன் அறைக்கும் குளிர் தங்குவதற்காக வைப்போமே, அதே பஃப். இன்ஃபியூஷனுக்கு, அதாவது காற்றை இழுத்து ரெசின் ஏற்றும் முறைக்கு, மாறிக்கொண்டிருக்கும் சின்னப் பட்டறைக்காரர்கள் யாரும் இதில் மாட்டிவிடக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகிய காலத்தில் தொழில் கற்றவன் நான். கண்ணாடியிழை மேட் விரித்து, ரெசின் ஊற்றி, ரோலர் போடுகிற கைவேலை. அதில் ஒரு அடுக்கு சரியில்லை என்றால் அடுத்த அடுக்குக்கு முன்பே கண்ணில் பட்டுவிடும். இன்ஃபியூஷனில் துணி, ஃபோம், மறுபடி துணி என்று எல்லாவற்றையும் காய்ந்த நிலையில் அடுக்கி, பை போட்டு மூடி, பம்ப் வைத்துக் காற்றை இழுத்த பிறகுதான் ரெசினைத் திறந்துவிடுகிறோம். வால்வைத் திறந்தால் திறந்ததுதான். உள்ளே என்ன வைத்தோமோ அது படகின் ஆயுளுக்கும் உள்ளேயே இருக்கும்.

வெளியூர் டீலர் ஒருவர், மற்றவர்களை விடக் கால் பங்கு குறைவாக விலை சொன்னார். 20 மி.மீ. கனம், ரெசின் ஓட வரிப்பள்ளமும் துளையும் போட்டது என்று கேட்டிருந்தேன். வந்ததில் பள்ளம் மட்டும் இருந்தது. துளை இல்லாவிட்டால் அடித்துணிக்கு ரெசின் ஒழுங்காக இறங்காது. கேட்டதற்கு, "நீங்களே போட்டுக்கங்க அண்ணே, சரக்கு ஒண்ணுதான்" என்றார். டிரில் பிடித்தோம். மாவு மாதிரி நைசான தூள் கொட்டியது, கை முழுக்க ஒட்டியது. நல்ல பி.வி.சி. ஃபோம் அப்படி மாவாக உதிராது. அந்த இடத்தில் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். பலகையும் இலேசாக இருந்தது. இலேசான சரக்கைத்தானே கேட்டோம் என்று சந்தோஷப்பட்டேன்.

இன்ஃபியூஷன் நன்றாகவே நடந்தது. இதைப் பலர் நம்ப மாட்டார்கள். வேக்குவம் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் என்றால் பயங்கரமாகத் தெரியும். ஆனால் அது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோதான். 80 டென்சிட்டி பி.வி.சி. கிட்டத்தட்ட 14 கிலோ வரை தாங்கும். இந்தப் பஃபும் அந்த ஒரு கிலோவைத் தாங்கிவிட்டது. தெர்மோகோலாக இருந்தால் ரெசினில் உள்ள ஸ்டைரீன் பட்டதுமே கரைந்து, குட்டு வெளிப்பட்டிருக்கும். பஃப் கரையாது. நிறமும் பி.வி.சி. போலவே வெளிர் மஞ்சள். அதனால் மோல்டிலிருந்து எடுத்தபோது டெக் அருமையாக இருந்தது.

நான்காவது மாதம் படகுக்காரர் போன் செய்தார். "தம்பி, டெக்கில கால் வச்சா உள்ள என்னமோ கடகடங்குது." போய் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். ஓரங்களில் கணீரென்ற சத்தம், நடுவில் டொப் டொப்பென்று செத்த சத்தம். ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டித் திறந்தோம். மேல்தோல் தனியாகக் கையோடு வந்தது. அதன் அடியில் மஞ்சள் தூள் அப்பியிருந்தது. ஐஸ் பெட்டியும் வலையும் ஆள் நடமாட்டமும் சேர்ந்து டெக் வளைந்து நிமிரும்போது, இரண்டு தோலும் ஒன்றின் மேல் ஒன்று நழுவப் பார்க்கும். நழுவ விடாமல் பிடித்து நிற்பதுதான் ஃபோமின் முக்கிய வேலை. பஃப் அந்த இழுவையில், தோலை ஒட்டிய இடத்திலேயே பொடியாகிவிட்டது.

மிச்சமிருந்த பலகைகளை அன்றுதான் தராசில் வைத்தேன். 8-க்கு 4 அடி, 20 மி.மீ. பலகை 80 டென்சிட்டி என்றால் 4.7, 4.8 கிலோ இருக்க வேண்டும். இருந்தது 2.5 கிலோ. வந்த அன்றே எடை போட்டுப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. முழுப் பலகையை நிறுக்க வசதியில்லை என்றால் 10 செ.மீ. சதுரத் துண்டு வெட்டி, சமையலறைத் தராசில் வையுங்கள். பள்ளம் இல்லாத 20 மி.மீ. துண்டு 16 கிராம் காட்ட வேண்டும்.

டீலர் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. அவர் தந்த டெஸ்ட் சர்டிபிகேட் வெறும் ஜெராக்ஸ், அதில் பேட்ச் எண் கிடையாது. பில்லில் "ஃபோம் ஷீட்" என்று மட்டும் இருந்தது. என் ஆடிட்டர்தான் அதில் போட்டிருந்த எச்.எஸ்.என். எண்ணை (ஜி.எஸ்.டி.க்காகச் சரக்கின் வகையைக் குறிக்கும் எண்) கவனித்தார்: 392113. பாலியூரித்தேன் ஃபோமுக்கு உரிய எண் அது. பி.வி.சி. ஃபோமுக்கு 392112. என்னிடம் வாயால் சொன்னது ஒன்று, வரிக்கணக்கில் எழுதியது இன்னொன்று. வக்கீல் நோட்டீஸில் அந்த எண்ணைக் குறிப்பிட்ட பிறகுதான் பலகைக்கான பணம் திரும்பி வந்தது. ரெசின், துணி, கூலி, படகுக்காரர் இழந்த கடல் நாட்கள், எதற்கும் ஒரு பைசா வரவில்லை.

இப்போது ஆர்டரிலேயே ரகம், டென்சிட்டி, பேட்ச் எண் மூன்றும் பில்லில் வர வேண்டும் என்று எழுதிக் கேட்கிறேன். முடியாது என்பவரிடம் வாங்குவதில்லை. பி.வி.சி. விலை கட்டுப்படியாகாதவர்கள் பெட் (PET, பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்) ஃபோம் வாங்கலாம், அது நேர்மையான சரக்கு. ஆனால் அதே வலு வேண்டுமென்றால் டென்சிட்டியைக் கூட்ட வேண்டும், ரெசினும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். ஃபோமுக்குப் பதிலாக வைக்கிற பால்சா மரத்துக்கு வலு அதிகம். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் அழுகிவிடும் என்பதால் மீன்பிடிப் படகுக்கு எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, ஃபோம் போல நடுவில் வைக்கிற கோர்மேட் என்ற மெல்லிய விரிப்பு கைவேலைக்கு உரியது. வேக்குவத்துக்கு அதே கம்பெனியின் சோரிக் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

படகுக்காரருக்கு டெக்கை முழுசாக எடுத்துவிட்டு என் செலவில் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். தை மாதத்திலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பழைய சரக்கில் இரண்டு பலகையைத் தூக்கிப் போடாமல் பட்டறையில் வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வரும் பட்டறைக்காரர்கள் பி.வி.சி. துண்டையும் அதையும் பக்கத்தில் வைத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போகலாம்.