காசில்லாமல் முள் வெட்டித் தருகிறேன் என்று வருபவரிடம் காட்டைக் கொடுத்துவிடாதீர்கள்

முதுகுளத்தூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் புஞ்சைக் காடு இருக்கிறது. அப்பா இருந்தவரை மிளகாயும் நெல்லும் போட்டார். அவர் போன பிறகு ஏழு வருடம் யாரும் உழவில்லை. எங்கள் மாவட்டத்தில் ஏழு வருடம் சும்மா கிடக்கும் நிலம் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாத அளவுக்குச் சீமைக்கருவேலம்.

இந்த வருடம் புரட்டாசிக்குள் நிலத்தைத் திருத்திவிட வேண்டும் என்று அம்மாவும் நானும் பேசி வைத்திருந்தோம். எனக்குத் திருப்பூரில் வேலை, அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். ஆடி மாதம் ஒரு நாள் அம்மா போன் செய்தார். யாரோ ஒருவர் வந்திருக்கிறாராம், காட்டைச் சுத்தமாக்கித் தருகிறாராம், காசு வேண்டாமாம், விறகை மட்டும் எடுத்துக்கொள்வாராம். அவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "தூரோட எடுத்துருவோம் தம்பி. நீங்க வந்து பாத்தா நேரா உழவுதான்" என்றார். நான் நம்பினேன்.

அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, "கோர்ட்டு உத்தரவு ஆத்தா, எடுக்காம விட்டா அபராதம் உங்க பேருக்குத்தான் வரும்" என்று பயமுறுத்தியிருக்கிறார். அம்மா சரி என்றது அந்தப் பயத்தில்தான். விறகு போனதைவிட எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் மரம் அறுக்கும் மிஷின் இரண்டு, ஆட்கள் ஐந்து பேர், ஒரு டிராக்டர். முன்பெல்லாம் அரிவாளும் கோடாரியுமாக இறங்கினால் மூன்று ஏக்கர் முள்ளுக்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதற்குள் நாம் ஊருக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிடலாம். இவர்கள் இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். நான் லீவு சொல்லிவிட்டுச் சனிக்கிழமை போய் இறங்கும்போது டிராக்டர் கிளம்பி ஒரு நாள் ஆகியிருந்தது.

காடு முழுக்க முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டைகள். கைப்பருமனுக்கு மேல் இருந்ததை எல்லாம் ஏற்றிக்கொண்டு, சிறு கிளை முள்ளை மட்டும் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டார்கள். அம்மா காலையில் பார்க்கப் போய், செருப்பையும் துளைத்துக்கொண்டு ஒரு முள் ஏறி, கால் வீங்கி உட்கார்ந்திருந்தார். கருவேல முள் ஏறினால் சீழ் வைக்காமல் விடாது. ஒரு வாரம் மருந்து கட்டினோம்.

மிஷின் வைத்திருக்கும் தெரிந்த ஒருவரைக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. மிஷினில் ஓடுகிற பல் வைத்த சங்கிலி மண்ணில் பட்டால் அந்த நிமிடமே பல் மழுங்கிவிடும். அரம் போட்டுத் தீட்டாமல் அப்புறம் அறுக்காது. அதனால் எந்த மிஷின்காரரும் தரையை ஒட்டி அறுக்கமாட்டார். அப்படியிருக்க வேரை எப்படி எடுப்பார்? தூர் எடுக்க ஜேசிபி வேண்டும், இல்லை கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஆள் இறங்க வேண்டும். வெறும் மிஷினோடு வந்து "தூரோடு எடுக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த வார்த்தையிலேயே பொய் இருக்கிறது. இது தெரிந்திருந்தால் போனிலேயே வேண்டாம் என்றிருப்பேன்.

சீமைக்கருவேலத்தைத் தரைக்குக் கீழே ஒரு சாண் ஆழத்திலாவது வேரோடு வெட்டினால்தான் அது சாகும். மேலே அறுத்துவிட்டால் ஒரு மரம் நின்ற இடத்தில் பத்துக் கிளை வெடித்துப் புதராகும். ஆவணியில் இரண்டு மழை பெய்தது. இப்போது ஒவ்வொரு கட்டையிலும் இடுப்பளவுக்குத் துளிர். முன்பு மரத்துக்கு இடையில் நடக்கவாவது முடிந்தது.

கிழக்கு வரப்பில் தாத்தா வைத்த மூன்று வேம்பும் இல்லை. வேம்பு விறகுக்குப் போகாது, பலகைக்குப் போகும், விலையே வேறு. போன் போட்டுக் கேட்டேன். "முள்ளுக்குள்ள நின்னுச்சு தம்பி, பையனுக்குத் தெரியல" என்றார். இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் வேம்பு எப்படித் தெரியாமல் போகும்? அதற்கப்புறம் அவர் என் போனை எடுப்பதே இல்லை. டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று ஒரு பனையையும் சாய்த்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். எங்கள் நிலத்தில் கிடக்கும் பனைக்கு எங்களைத்தானே கேட்பார்கள்?

டிராக்டர் விறகு ஏற்றிப் போனதைப் பக்கத்துக் காட்டுக்காரர் எண்ணியிருக்கிறார், ஒன்பது நடை. குறைத்துப் போட்டாலும் 25 டன். அடுத்த ஊரில் கரிமூட்டம் போடுபவர் டன் 3,000 ரூபாய்க்கு எடுப்பதாகச் சொன்னார். ஆக 75,000 ரூபாய், வேம்பு சேர்க்காமல். ஜேசிபிக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். மணிக்கு 1,300, எப்படியும் 30 மணி நேரம் ஓடும் என்றார். 39,000 ரூபாய். விறகை நாங்களே விற்றிருந்தால் தூர் எடுத்தது போக 36,000 கையில் நின்றிருக்கும். இப்போது விறகும் இல்லை, அந்த 39,000-மும் கைக்காசு. காவல் நிலையத்திலும் சொன்னோம். எழுத்தில் ஒன்றும் இல்லை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிஷின் பிடித்த பையனுக்குப் பதினேழு வயதுதான் இருக்கும் என்கிறார் அம்மா. கைலியும் ரப்பர் செருப்பும், கண்ணுக்குக் கண்ணாடிகூட இல்லை. மிஷினில் சங்கிலி ஓடும் நீளப் பட்டையின் நுனி ஒரு கட்டையில் இடித்தால் அப்படியே எகிறி ஆளின் முகத்துக்கு வரும். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

முள்ளைக் கொடுக்க வேண்டியிருந்தால் நீங்கள் ஊரில் இருக்கும் நாளில் கொடுங்கள். நிற்க வேண்டிய மரங்களுக்கு முதல் நாளே சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். ஒவ்வொரு நடைக்கும் எடைமேடைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தூர் யார் எடுப்பது, எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் ஜேசிபி வந்து நிற்கும்வரை கடைசி இரண்டு நடையை ஏற்ற விடாதீர்கள்.

அந்த ஆள் இப்போது கடலாடி, சாயல்குடி பக்கம் சுற்றுகிறார் என்று கேள்விப்பட்டேன். அங்கே அம்மாவோ அப்பாவோ தனியாக இருந்தால், இன்று இரவே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.