மியூராவா, டேட்டோனாவா?

1966 மார்ச், ஜெனீவா கார் கண்காட்சி. லம்போர்கினி மியூராவில் 12 சிலிண்டர் எஞ்சினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், அதுவும் குறுக்குவாட்டில் வைத்திருந்தார்கள். 1968 அக்டோபரில் பாரிஸில் ஃபெராரி காட்டிய 365 ஜிடிபி/4-இல் எஞ்சின் பழையபடி முன்னால்தான். 1967-இல் அமெரிக்காவின் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரி முதல் மூன்று இடங்களையும் அள்ளியதால், டேட்டோனா என்ற பெயர் இந்தக் காரோடு ஒட்டிக்கொண்டது.

மியூரா 3.9 லிட்டர், 350 குதிரைத்திறன். டேட்டோனா 4.4 லிட்டர், 352. கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாமே பிரிகிறது.

அழகு என்று வந்தால் என் ஓட்டு மியூராவுக்கு. பெர்டோனே என்ற கார் வடிவமைப்பு நிறுவனத்தில் அதற்கு உருவம் கொடுத்த மார்செல்லோ காந்தினிக்கு அப்போது வயது 27. பொறியாளர்கள் டல்லாராவும் ஸ்டான்சானியும்கூட முப்பதைத் தொடவில்லை. இடுப்பளவே உயரமுள்ள தாழ்ந்த உடல், ஹெட்லைட்டைச் சுற்றி இமைமயிர் போலக் கறுப்புக் கீற்றுகள். இன்றைக்குப் பார்த்தாலும் மூச்சு நிற்கும்.

ஓட்டும்போது அந்த இளமைக்கு விலை கொடுக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் முன்னால் இருக்கிறது. அது காலியாகக் காலியாக மூக்கு லேசாகும். அதிவேகத்தில் முன்பக்கம் மேலெழும்பப் பார்க்கும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் என்பதால், கியரில் தேய்ந்து உதிரும் இரும்புத் தூள் எஞ்சினுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. மியூராவின் கடைசி வகையான எஸ்வியின் பிற்காலக் கார்களில்தான் இரண்டையும் பிரித்தார்கள். அப்புறம், தலைக்குப் பின்னாலேயே எஞ்சினின் சூடும் இரைச்சலும்.

டேட்டோனா கனமான கார். ஊருக்குள் மெதுவாகத் திருப்பினால் ஸ்டீயரிங் தோளை வாங்கிவிடும். ஆனால் எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின் அச்சோடு சேர்த்து வைத்திருப்பதால் எடை முன்னும் பின்னும் சீராகப் பரவியிருக்கிறது. வேகம் கூடக் கூடக் கை லேசாகும். மணிக்கு 280 கிலோமீட்டர் வரை போகும். 1971-இல் பந்தய ஓட்டுநர் டான் கர்னியும் கார் பத்திரிகையாளர் பிராக் யேட்ஸும் நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியாவின் கடற்கரை வரை இதை 36 மணி நேரத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனார்கள். 1972 முதல் 1974 வரை பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்திலும் மூன்று வருடமும் தன் பிரிவில் இதுதான் ஜெயித்தது. ஒரு காரை நம்புவதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

சரி, மியூராவின் யோசனை தோற்றுவிட்டதா? இல்லை. டேட்டோனாவுக்குப் பின் வந்த பெர்லினெட்டா பாக்ஸரில் ஃபெராரியே எஞ்சினைப் பின்னால் கொண்டுபோனது. இருந்தாலும் சாவியைக் கையில் கொடுத்து, விடிவதற்குள் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டு என்று யாராவது சொன்னால், நான் உட்காருவது டேட்டோனாவில்தான். அதுவும், மேலெழும்பும் ஹெட்லைட்டுகள் வருவதற்கு முந்தைய கார். மூக்கின் குறுக்கே ஓடும் அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டையோடு.