டி.சி. கொடுத்து அனுப்புவதா, பள்ளியிலேயே வைத்துத் திருத்துவதா?

ஆசிரியர்களிடம் சில மாணவர்கள் அத்துமீறிய காணொளிகள் பரவிய 2022ஆம் ஆண்டு, அத்தகையோர் பள்ளியிலிருந்து நீக்கப்படுவர் என்றும், காரணம் மாற்றுச் சான்றிதழிலேயே குறிப்பிடப்படும் என்றும் தமிழகக் கல்வி அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அவமதிக்கப்பட்ட ஆசிரியருக்கும், அடிபட்டு அதே வகுப்பில் அஞ்சி அமர்ந்திருக்கும் மாணவனுக்கும் நீக்கம் உடனடிப் பாதுகாப்பைத் தருகிறது. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு எட்டாம் வகுப்புவரையான தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றத் தடை விதிப்பதால், இவ்வழி ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் திறக்கிறது. அந்த வயதில் குற்றம் எழுதப்பட்ட சான்றிதழோடு வெளியேறும் மாணவனை வேறு பள்ளி ஏற்பது அரிது. அவன் படிப்பு அநேகமாக அங்கேயே நின்றுவிடும்.

பள்ளியிலேயே வைத்துத் திருத்தும் வழி மெதுவானது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மட்டுமே அவரையும் தவறு செய்த மாணவனையும் நேரில் அமர்த்திப் பேசவைக்க வேண்டும். பெற்றோரை அழைத்துத் திட்டி அனுப்புவது ஆலோசனை ஆகாது. இதற்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் தேவை. பாட வேளைகளுக்கு நடுவே ஆசிரியரே அதையும் சுமக்க முடியாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியது போன்ற கொடுமை காவல்துறைக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கும் உரியது. ஆயினும் அங்கே ஊறிய சாதிவெறியை டி.சி. தொடவே தொடாது. ஆகவே வன்முறைக்குத் தற்காலிக விலக்கமும், அதன்பின் கண்காணிப்போடு திரும்பும் வாய்ப்பும் வேண்டும் என்பதே என் தேர்வு.