கார்வெட்டுக்கு வாரண்டி நீட்டிக்கலாமா வேண்டாமா: கம்பெனி பிளான், வெளி கம்பெனி பிளான், இல்ல நம்ம கைக்காசு

டல்லாஸ் பக்கத்துல இருக்கிற தம்பி ஒருத்தன், கூடப் பிறக்கலைன்னாலும் தம்பிதான், 2023 மாடல் கார்வெட் ஸ்டிங்ரே வெச்சிருக்கான், செவ்ரோலேயோட ஸ்போர்ட்ஸ் கார், எட்டாவது தலைமுறைங்கிறதால சி8னு சொல்வாங்க. போன வாரம் ராத்திரி போன் பண்ணி "அண்ணே, மார்ச்சோட மூணு வருஷம் முடியுது, டீலர்ல இருந்து தினம் கூப்பிடுறாங்க, எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கவா வேண்டாமா, ஒரே வார்த்தைல சொல்லுங்க"ன்னான். ஒரே வார்த்தைல சொல்ற விஷயம் இல்லடா இதுன்னு சொல்லிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்து கணக்குப் போட்டோம். இதே குழப்பத்துல நிறைய பேர் இருப்பாங்க, அவங்களுக்கும் உதவட்டும்னு எழுதறேன்.

முதல்ல கையில இருக்கிறது என்னன்னு பாப்போம். அமெரிக்காவுல செவ்ரோலே குடுக்கிறதுல முக்கியமானது ரெண்டு வாரண்டி. பம்பர் டு பம்பர்னு சொல்றது, அதாவது கிட்டத்தட்ட முழு வண்டிக்கும், 3 வருஷம் இல்லைன்னா 36,000 மைல், எது முன்னாடி வருதோ அது. பவர்ட்ரெய்ன், அதாவது இன்ஜின் கியர்பாக்ஸ் சமாச்சாரம், 5 வருஷம் இல்லைன்னா 60,000 மைல். தம்பிக்கு இது செகண்ட் ஹாண்ட் கார், முதல் ஓனருக்கு வித்தது 2023 மார்ச். இது வரைக்கும் ஓடினது 11,000 மைல் சொச்சம். ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கிற பெரும்பாலான ஆளுங்க கதை இதேதான், வாரக் கடைசில ஓட்டுறது, மழைன்னா கராஜ்ல நிக்கிறது, மைல் ஏறாது, வருஷம் மட்டும் ஓடிடும். அதனால நமக்கு வாரண்டியைக் காலி பண்ணப் போறது காலண்டர்தான், ஓடோமீட்டர் இல்ல, இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டாலே பாதி தப்பு நடக்காது, ஏன்னா விக்கிறவங்க ஒரு லட்சம் மைல் பிளானைத்தான் முதல்ல நீட்டுவாங்க, வருஷத்துக்கு 4,000 மைல் ஓட்டுறவனுக்கு அது எதுக்கு? வருஷம் அதிகம், மைல் கம்மி, அப்படி இருக்கிற பிளான்தான் நமக்கு, விலையும் குறையும்.

அடுத்தது, இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. டீலர் சொன்னது 7 வருஷ பிளான், 5,200 டாலர். "84 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 62 டாலர்தான் சார்"னு சொல்லியிருக்காங்க. ஆனா அந்த 7 வருஷம் எண்ண ஆரம்பிக்கிறது கார் முதல்ல வித்த நாள்ல இருந்து! மூணு வருஷம் ஏற்கெனவே போயாச்சு, அந்த மூணு வருஷமும் கம்பெனியே இலவசமா பாத்துக்கிட்ட காலம். அப்ப நாம காசு குடுத்து வாங்குறது நாலே வருஷம், மாசத்துக்கு 108 டாலர். இன்ஜின் கியர்பாக்ஸுக்குன்னு பாத்தா இன்னும் மோசம், 2028 மார்ச் வரைக்கும் பவர்ட்ரெய்ன் வாரண்டி இருக்கு, அதனால அதுல கூடுதலா கிடைக்கிறது 2028 மார்ச்ல இருந்து 2030 மார்ச் வரைக்கும், ரெண்டு வருஷம் மட்டும். யாராவது "ஏழு வருஷம்"னு சொன்னா எங்க இருந்து ஏழு வருஷம்னு உடனே கேளுங்க.

சரி, இப்ப மூணு வழியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்.

ஜிஎம்மோட, அதாவது செவ்ரோலேயோட தாய் கம்பெனியோட, சொந்த பிளான். ஜிஎம் ப்ரொடெக்ஷன் பிளான்னு பேரு, செவ்ரோலே டீலர் எல்லாரும் விக்கலாம். இதோட பெரிய பலம், எந்த ஊர் செவ்ரோலே டீலர்கிட்ட வண்டியை விட்டாலும் வாக்குவாதம் இல்லாம வேலை நடக்கும், காசு நேரா அவங்களுக்குள்ளேயே தீந்துடும். சி8ல இது ஏன் முக்கியம்னா அந்த கியர்பாக்ஸ். இந்த வண்டில மேனுவலே கிடையாது, எல்லாத்துலயும் ட்ரெமெக் கம்பெனி பண்ற 8 ஸ்பீடு டூயல் கிளட்ச்தான், ரெண்டு கிளட்ச் வெச்சு தானா கியர் மாத்துறது. வெளியே வந்த ஆரம்ப வருஷங்கள்ல கியர்பாக்ஸ்ல சென்சாரோ வால்வோ போனா டீலரைத் திறக்கவே விடல, முழு கியர்பாக்ஸையும் கழட்டி புதுசு மாட்டுனாங்க, அப்புறம்தான் உள்ள இருக்கிற சில வேலைகளைச் செய்ய அனுமதிச்சாங்க. முழுசா மாத்தணும்னா பில் 10,000 டாலரைத் தாண்டிடும். இன்ஜின் நடுவுல உக்காந்திருக்கிற வண்டி, எதைத் தொடணும்னாலும் ரெண்டு மூணு சாமானைக் கழட்டி வெச்சுட்டுத்தான் தொடணும், அதனால பார்ட் விலை கம்மியா இருந்தாலும் கூலி ஏறிடும். அப்புறம் ஸ்பீட் பிரேக்கர்ல அடி படாம முன்பக்கம் தூக்குற லிஃப்ட், 40 மில்லிமீட்டர் தூக்கும், ஜிபிஎஸ் வெச்சு 1,000 இடம் வரைக்கும் ஞாபகம் வெச்சுக்கும், அருமையான வசதி, ஆனா ஹைட்ராலிக் சமாச்சாரம். மேக்னெட்டிக் ரைடுங்கிற, ரோட்டுக்கு ஏத்த மாதிரி தானா விறைப்பை மாத்திக்கிற ஷாக் அப்சார்பர், ஸ்கிரீன், சீட்டுக்குள்ள இருக்கிற எலக்ட்ரானிக்ஸ், இதெல்லாம் பவர்ட்ரெய்ன்ல வராது, மார்ச்சுக்கு அப்புறம் நம்ம தலைல.

குறை என்ன? விலை. ஆனா விலை கல்லுல செதுக்குனது இல்ல. தம்பியை உக்கார வெச்சு வேற மாநிலத்துல இருக்கிற ரெண்டு மூணு டீலருக்கு போன் பண்ணச் சொன்னேன், அதே பிளான், அதே வருஷம், அதே மைல், ஒருத்தர் 3,600 சொன்னார். காண்ட்ராக்ட் ஒண்ணுதான், நடுவுல டீலர் வெச்சுக்கிற லாபம் மட்டும்தான் வித்தியாசம். 1,600 டாலர் மூணு போன் கால்ல மிச்சம். கார் வாங்கும்போதே லோன்ல சேத்து வாங்குறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், 5,200ஐ 7 சதவீத வட்டில 6 வருஷ லோன்ல போட்டா வட்டியே ஆயிரம் டாலருக்கு மேல போகும்.

வெளி கம்பெனி பிளான். இதைப் பத்தி நான் கொஞ்சம் அதிகமா பேசுவேன், பட்டவன். முன்னாடி நான் வெச்சிருந்தது ஒரு செகண்ட் ஹாண்ட் டர்போ கார், அதுக்கு ஒரு வெளி கம்பெனி காண்ட்ராக்ட் வாங்கியிருந்தேன், மாசா மாசம் ஒழுங்கா கட்டினேன். டர்போ போச்சு. கம்பெனி சொன்னது, முதல்ல பிரிச்சுப் பாக்கணும், பிரிக்கிற கூலிக்கு நீங்க கையெழுத்துப் போடுங்க, கவர் ஆகும்னா நாங்க தர்றோம். போட்டேன். பிரிச்சாங்க. பதினோரு நாள் வண்டி லிஃப்ட்லயே நின்னுச்சு, இன்ஸ்பெக்டர் வந்தாரு, கடைசில ஒரு ஆயில் சேஞ்ச் ரசீது இல்லைன்னு மறுத்துட்டாங்க. நானே வீட்ல மாத்தினது அது, ஆயில் வாங்கின பில்லு எங்கேயோ போயிடுச்சு. பிரிச்ச கூலியும் நான், ரிப்பேரும் நான். அந்தப் பதினோரு நாள் வீட்ல நான் பேசின பேச்சை நெனச்சா இன்னிக்கும் வருத்தமா இருக்கு.

எல்லா வெளி கம்பெனியும் மோசம்னு சொல்ல மாட்டேன், பின்னாடி நல்ல இன்சூரன்ஸ் கம்பெனி நிக்கிற உருப்படியான பிளான்களும் உண்டு. ஆனா படிக்க வேண்டியதைப் படிச்சே ஆகணும். காண்ட்ராக்ட்ல ரெண்டு வகை, எதெல்லாம் கவர் ஆகாதுன்னு பட்டியல் போட்டு மிச்சம் எல்லாம் கவர்னு சொல்றது ஒண்ணு, எதெல்லாம் கவர் ஆகும்னு மட்டும் பட்டியல் போடுறது இன்னொண்ணு. ரெண்டாவது வகையை ஸ்போர்ட்ஸ் காருக்கு வாங்கவே கூடாது, ஏன்னா அந்தப் பட்டியலை எழுதினவங்க மனசுல இருந்தது சாதா குடும்பக் கார், ஃப்ரண்ட் லிஃப்ட்டும் மேக்னெட்டிக் ஷாக்கும் அதுல எங்க இருக்கும்? அப்புறம் மணிக்கூலிக்கு உச்சவரம்பு இருக்கான்னு பாருங்க, டீலர் கேக்குறது ஒண்ணு, காண்ட்ராக்ட் குடுக்கிறது ஒண்ணுன்னா நடுவுல இருக்கிற பணம் உங்களுது. பழைய பார்ட் போடலாம்னு எழுதியிருக்கான்னும் பாருங்க, நிறைய காண்ட்ராக்ட்ல இருக்கும்.

இந்தத் துறை எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சுக்க ரெண்டு விஷயம் போதும். 2024 ஜூலைல இந்த மாதிரி பிளான் விக்கிற கார்ஷீல்டும் அதோட பிளானை நடத்துற அமெரிக்கன் ஆட்டோ ஷீல்டும் சேந்து, விளம்பரத்துல ஏமாத்தினாங்கங்கிற எஃப்டிசி (வியாபார ஏமாத்தைக் கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பு) புகாரை முடிக்க ஒரு கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி 2023 ஆகஸ்ட்ல "உங்க கார் வாரண்டி முடியப் போகுது"ன்னு வர்ற அந்த ரோபோ கால், அதாவது மெஷினே பண்ற போன் கால், கூட்டம் ஒண்ணுக்கு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி கிட்டத்தட்ட 30 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு, 2021ல மூணே மாசத்துல 500 கோடி காலுக்கு மேல பண்ணின கூட்டம். போன்ல வந்து விக்கிறவங்ககிட்ட தயவுசெஞ்சு வாங்காதீங்க, முக்கியமா வயசான அப்பா அம்மா வீட்ல இருந்தா அவங்ககிட்டயும் சொல்லி வையுங்க.

மூணாவது வழி, எதுவும் வாங்காம அந்தக் காசை நாமே ஒதுக்கி வெக்கிறது. சராசரி மனுஷனுக்கு இதுதான் சரின்னு ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றாங்க, பொருளையெல்லாம் சோதிச்சு எழுதற கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 2013ல எடுத்த சர்வேல எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கினவங்கள்ல 55 சதவீதம் பேர் அதை ஒரு தடவை கூட ரிப்பேருக்குப் பயன்படுத்தல. நியாயம்தான், விக்கிறவன் லாபம் பாக்கணும்னா வாங்குறவங்க சராசரியா நஷ்டப்பட்டுத்தான் ஆகணும். 3,600 டாலரை 4 சதவீத சேவிங்ஸ்ல போட்டா நாலு வருஷத்துல 4,200 ஆயிடும். ஒண்ணும் உடையலைன்னா மொத்தமும் உங்களுது, உடைஞ்சது சின்னதுன்னா அதுலயே முடிஞ்சிடும், யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம், நமக்குப் பிடிச்ச மெக்கானிக்கிட்ட விடலாம்.

ஆனா அந்த 55 சதவீதத்துல பெரும்பாலான ஆளுங்க ஓட்டுறது சாதா கார். அதுல உடையறது ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், நூத்துக் கணக்குல முடியற பில். சி8ல அப்படி இல்ல, பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணுமே ஆகாது, ஆகுற சில பேருக்கு ஐந்து இலக்கத்துல ஆகும். 4,200 டாலர் ஒதுக்கி வெச்சவனுக்கு அந்த பில் வந்தா ஒதுக்கினது பாதிக்குக் கூட வராது. அதனால சராசரியைப் பாத்து முடிவெடுக்காதீங்க, திடீர்னு ஒரு நாள் 15,000 டாலர் எடுத்து வைக்க முடியுமா, வெச்சா வீட்ல எது தடைபடும், பொண்ணு காலேஜ் பணமா, ஊர்ல கட்டிட்டு இருக்கிற வீடா, அதைப் பாருங்க. ஒண்ணும் தடைபடாதுன்னா மூணாவது வழிதான் உங்களுக்கு, தாராளமா போங்க.

தம்பி விஷயத்துல உண்மையான சிக்கல் தேதியில இருக்கு. அவனுக்கு 2028 மார்ச் வரைக்கும் பெரிய பயம் இல்ல, கியர்பாக்ஸ் கம்பெனி பொறுப்பு, லிஃப்டும் ஷாக்கும் போனா சில ஆயிரம், தாங்குவான். பயம் ஆரம்பிக்கிறதே 2028ல. அப்ப அப்பவே வாங்கிக்கலாமேன்னா முடியாது, கம்பெனி பிளானை பம்பர் டு பம்பர் உயிரோட இருக்கும்போதே வாங்கணும்னு ரெண்டு டீலருமே சொல்லிட்டாங்க. அதுக்கு அப்புறம் வெளி கம்பெனி மட்டும்தான் மிச்சம். ரெண்டு வருஷம் கழிச்சு வரப்போற ஆபத்துக்கு இந்த மார்ச்சுக்குள்ள முடிவெடுத்தாகணும்.

"எத்தனை வருஷம் வெச்சிருப்ப?"ன்னு கேட்டேன். "அண்ணே, இது சின்ன வயசுல சுவத்துல ஒட்டியிருந்த போஸ்டர், இதை விக்க மாட்டேன்"ன்னான். அப்ப கம்பெனி பிளான் வாங்குடான்னு சொல்லிட்டேன், 3,600 சொன்னவர்கிட்ட, ரொக்கமா. மனசு மாறி நடுவுல வித்தாலும் பரவால்ல, பெரும்பாலான காண்ட்ராக்ட்ல மிச்ச காலத்துக்கு ஏத்த மாதிரி பணம் திரும்பக் கிடைக்கும், இல்லைன்னா வாங்குறவர் பேருக்கு மாத்திக் குடுக்கலாம், செகண்ட் ஹாண்ட் சி8 தேடுறவங்க அதுக்கு மதிப்புக் குடுப்பாங்க. அவனே "2027ல குடுத்துட்டு வேற வாங்குவேன்"னு சொல்லியிருந்தா ஒரு பைசா செலவு பண்ணாதன்னு சொல்லியிருப்பேன், ஏன்னா அவன் காசு குடுக்கிற முக்கியமான ரெண்டு வருஷத்துல வண்டி அவன்கிட்டயே இருக்காது.

எந்த வழியா இருந்தாலும் சிலது மாறாது. பிரேக் பேட், டயர், குழில விட்டு நெளிஞ்ச வீல், இதெல்லாம் எதுலயும் வராது. இன்ஜினை ட்யூன் பண்ணினாலோ ட்ராக்ல ரேஸ் விட்டாலோ மறுக்கறதுக்கு அவங்களுக்கு வாய்ப்புக் குடுக்கிறோம். கியர்பாக்ஸ் ஃபில்டரை முதல் தடவை 7,500 மைல்ல மாத்தணும், மாத்துனதுக்கு ரசீது வேணும். தம்பி கார்ல மாத்தியிருக்காங்க, ஆனா ரசீது அவன்கிட்ட இல்ல, முன்னாடி ஓனர் காலத்துல நடந்தது. நாளைக்கு டீலர் சர்வீஸ் கவுண்டர்ல போய் வின் நம்பர், அதாவது காரோட அடையாள நம்பர், குடுத்து முழு ஹிஸ்டரியையும் பிரிண்ட் எடுத்துட்டு, கார் முதல்ல வித்த தேதியையும் எழுத்துல வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். காண்ட்ராக்டோட மாதிரிக் காப்பியை அந்த 3,600 டீலர் மெயில்ல அனுப்பிட்டார், 30 பக்கம் கிட்ட வருது, சனிக்கிழமை ரெண்டு பேரும் போன்ல வெச்சு ஒவ்வொரு வரியா படிக்கப் போறோம், அதுக்கு அப்புறம்தான் கார்டு நம்பர் குடுக்கிறது.