தேர்ட் பார்ட்டியா, ஃபுல் இன்சூரன்ஸா, பம்பர் டு பம்பரா?

காருக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது மூன்று வகை முன்னால் வரும்: வெறும் தேர்ட் பார்ட்டி, நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்லும் காம்ப்ரிஹென்சிவ், அதற்கு மேல் ஆட்-ஆன்கள், அதாவது தனிப் பிரீமியம் கட்டி எடுக்கும் கூடுதல் பாதுகாப்புகள் சேர்த்தது. பலரும் பிரீமியத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். ஏதாவது ஆனால் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி.

தேர்ட் பார்ட்டி 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். நம் கார் மோதி ஒருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. அடுத்தவர் சொத்துக்கு 7.5 லட்சம் வரை. நம் காருக்கு ஒரு பைசாவும் வராது. விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாத பழைய காருக்கு இது போதும்.

ஃபுல் இன்சூரன்ஸ் விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் பாகங்களின் விலையில் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பருக்குப் பாதி, உலோகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்து, கண்ணாடிக்குக் கழிவில்லை. மூன்று வருடம் முடிந்த 1200 சிசி காரில் 12,000 ரூபாய் பம்பரும் 16,000 ரூபாய் பானட்டும் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். பம்பரில் 6,000, பானட்டில் 25 சதவீதமாக 4,000, ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. ஆக 28,000-ல் 11,000 நம் பாக்கெட்டிலிருந்து. பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத ஆட்-ஆனான பம்பர் டு பம்பர் எடுத்திருந்தால் இந்தக் கணக்கில் 1,000 மட்டும்தான். வருடத்துக்கு எத்தனை கிளெய்ம் என்ற வரம்பு பாலிசிக்குப் பாலிசி மாறும், அதையும் படியுங்கள்.

சென்னைக்காரர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது வேறொன்று. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நின்ற இடத்திலேயே கார்கள் மூழ்கின. சீட், வயரிங் சேதத்துக்கு ஃபுல் இன்சூரன்ஸ் உண்டு. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறிப் பழுதானால் சாதாரண பாலிசியில் கிளெய்ம் பொதுவாக நிராகரிக்கப்படும். அதற்குத்தான் இன்ஜின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன். அது இருந்தாலும் சாவியைத் திருப்பாதீர்கள். போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.

அதனால் ஐந்து வயதுக்குட்பட்ட கார், தண்ணீர் தேங்கும் பகுதி என்றால் இரண்டு ஆட்-ஆனும் எடுப்பேன். மேடான பகுதி என்றால் பம்பர் டு பம்பர் மட்டும். ஐந்தைத் தாண்டிய காருக்கு பம்பர் டு பம்பர் கிடைப்பது கம்பெனியைப் பொறுத்தது. கிடைக்காவிட்டாலும் ஃபுல் இன்சூரன்ஸை விடமாட்டேன்.

அப்புறம், பிரீமியம் குறையும் என்று ஐடிவியை, அதாவது பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பை, குறைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கார் திருடு போனால் அந்தத் தொகையை வைத்துத்தான் பணம் வரும். சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போடுமுன், கிளெய்ம் போடாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸைக் கணக்குப் பாருங்கள். முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் அந்தத் தள்ளுபடி ஒரே கிளெய்மில் போய்விடும். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினாலும் போய்விடும்.