கழட்டிப் போட்ட ஹார்டுவேருக்கு இன்னும் டிரைவர் அப்டேட் வருதா? எந்த வழி சரி, எது வீண்

மச்சானோட ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல போன வாரம் விண்டோஸ் அப்டேட்டோட ஆப்ஷனல் அப்டேட்ஸ் பக்கத்தைத் திறந்தா அஞ்சு டிரைவர் (ஹார்டுவேரை விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்) வரிசையா நிக்குது. அதுல ரெண்டு ப்ரிண்டர் இப்ப கடையிலயே இல்ல, ஒண்ணு எக்ஸ்சேஞ்ச்ல போச்சு, இன்னொண்ணு எடைக்குப் போட்டாச்சு, மூணாவது ஒரு கிராபிக்ஸ் கார்டு, அதை நான்தான் போன வருஷம் கழட்டிக் குடுத்தேன். "மாப்ள, இதெல்லாம் இன்ஸ்டால் பண்ணணுமா, இல்ல அப்படியே விட்டுரலாமா"ன்னு கேட்டாரு. நெட்ல தேடினா ஆளுக்கொரு வழி சொல்றாங்க, நான் அதுல பெரும்பாலானதை வேற வேற மெஷின்ல செஞ்சு பாத்தவன், அதனால ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாத்துரலாம்.

அதுக்கு முன்னாடி இது ஏன் வருதுன்னு புரிஞ்சுக்கணும், இது புரியாமத்தான் பாதி பேர் தப்பான வழிக்குப் போறாங்க. கார்டைக் கழட்டினாலும் விண்டோஸ் அதை மறக்காது. ஒருதடவை மாட்டின டிவைஸுக்கெல்லாம் ரெஜிஸ்ட்ரியில, அதாவது விண்டோஸோட செட்டிங்ஸ் பதிவேட்டுல, ஒரு பதிவு இருக்கும். டிரைவர் பேக்கேஜ், அதாவது டிரைவரோட ஃபைல் தொகுப்பு, அந்தப் பதிவோட சேர்ந்து இருக்காது, தனியா சிஸ்டம்32க்குள்ள டிரைவர்ஸ்டோர், அதுக்குள்ள ஃபைல்ரெபாசிட்டரிங்கிற ஃபோல்டர்ல இருக்கும். நாளைக்கே திரும்ப மாட்டினா உடனே வேலை செய்யணும்னு வேணும்னேதான் இப்படி வச்சிருக்காங்க, அதுல தப்பில்ல. ஆனா அந்தப் பதிவு இருக்கிற வரைக்கும் அந்த டிவைஸ் இன்னும் இந்த மெஷினோடதுன்னு கணக்கு, அதுக்குப் பொருந்துற டிரைவர் அப்டேட் கண்ணுல பட்டா லிஸ்ட்ல வந்துரும். ப்ரிண்டர் இன்னும் மோசம், கேபிளைப் பிடுங்கினாலும் ப்ரிண்ட் க்யூ, அதாவது விண்டோஸ்ல அந்த ப்ரிண்டருக்கான வரிசை, அப்படியே இருக்கும். ஆக எடுக்க வேண்டியது ரெண்டு, டிவைஸ் பதிவு ஒண்ணு, பேக்கேஜ் ஒண்ணு. கீழ சொல்ற ஒவ்வொரு வழியும் இதுல எதைத் தொடுது, எதைத் தொடாம விடுதுங்கிறதுதான் என்னோட அளவுகோல்.

சும்மா விட்டுர்றது முதல் வழி. ஆப்ஷனல்னு பேர்லயே இருக்கு, நாம டிக் பண்ணாத வரைக்கும் அது இறங்காது. வீட்டுல ஒரு பழைய ப்ரிண்டர் மட்டும் நிக்குதுன்னா விட்டுருங்க, ஒண்ணும் ஆகாது, இதை நான் மனசாரச் சொல்றேன். ஆனா எப்பவும் இதே பதில் சரிவராது. பழைய நெட்வொர்க் கார்டோட பதிவு உள்ள இருந்தா, புது கார்டுக்கு அதே ஸ்டாட்டிக் ஐபி (மாறாத நெட்வொர்க் அட்ரஸ்) குடுக்கும்போது இந்த அட்ரஸ் வேற அடாப்டருக்கு ஏற்கனவே குடுத்திருக்குன்னு வந்து நிக்கும். பில் ப்ரிண்டர், எடை மெஷின் மாதிரி யுஎஸ்பி சீரியல் கேபிள் வச்சிருக்கிற கடையில காம் போர்ட் நம்பர் (அந்தக் கேபிளுக்கு விண்டோஸ் குடுக்கிற நம்பர்) ஏறிக்கிட்டே போகும், ஏன்னா காணாமப்போன கேபிளெல்லாம் அதது நம்பரை இன்னும் பிடிச்சு வச்சிருக்கும், பில்லிங் சாஃப்ட்வேர் காம்3லயே தேடிக்கிட்டு இருக்கும். அப்புறம் இடம், ஒரு கிராபிக்ஸ் டிரைவர் பேக்கேஜே ஒரு ஜிபிக்கு மேல போகும், 128 ஜிபி எஸ்எஸ்டி வச்சிருக்கிறவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

எல்லாத்தையும் விட எனக்கு முக்கியம் பாதுகாப்பு. விண்டோஸ் செக்யூரிட்டில கோர் ஐசொலேஷன்ல மெமரி இன்டெக்ரிட்டினு ஒரு சுவிட்ச் இருக்கு, கெட்ட கோட் விண்டோஸோட உள்பகுதிக்குள்ள நுழையாம தடுக்கிறது, பொருந்தாத பழைய டிரைவர் ஒண்ணே ஒண்ணு உள்ள கிடந்தாலும் அது ஆன் ஆகாது, அந்த ஹார்டுவேர் வீட்டை விட்டுப் போய் எத்தனை வருஷம் ஆனாலும் சரி. 2025 அக்டோபர் பேட்ச்ல மைக்ரோசாஃப்ட் அகியர் மோடம் டிரைவரை விண்டோஸ்ல இருந்தே தூக்குச்சு, ஃபேக்ஸ் மோடத்துக்கான பழைய டிரைவர் அது, விண்டோஸ் கூடவே வந்துக்கிட்டு இருந்தது. அதுல இருந்த ஓட்டைக்கு சிவிஇ-2025-24990னு நம்பர், அதை வச்சு அட்மின் உரிமையை எடுக்க முடியும், நிஜத் தாக்குதல்லயே அதைப் பயன்படுத்தியிருக்காங்க, மோடத்தை யாரும் உபயோகிக்கலன்னாலும் பாதிப்பு உண்டுன்னு அறிவிப்புலயே இருந்துச்சு. ஹார்டுவேர் இல்லயே, டிரைவர் இருந்தா என்னன்னு கேக்கிறவங்களுக்கு நான் காட்டுறது இதைத்தான்.

அடுத்தது மறைக்கிறது. விண்டோஸ் 7ல அப்டேட் மேல ரைட் க்ளிக் பண்ணி ஹைட் பண்ணிரலாம், 10 வந்தப்ப அது போயிருச்சு, பதிலுக்கு ஷோ ஆர் ஹைட் அப்டேட்ஸ்னு ஒரு சின்ன டூல் குடுத்தாங்க. வேலை செஞ்சுது, ஆனா அதே டிவைஸுக்கு அடுத்த வெர்ஷன் வந்தா அது புது அப்டேட், மறுபடி மறைக்கணும். பதிவும் போகல, பேக்கேஜும் போகல. சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரை அழிக்கச் சொல்றதும் இந்த ரகம்தான், அது டவுன்லோட் கேஷ், இறக்கின அப்டேட்டைத் தற்காலிகமா வைக்கிற இடம், அழிச்சுட்டு செக் ஃபார் அப்டேட்ஸ் அமுக்கினா அதே வரி திரும்ப வரும். அப்டேட் பாதியில சிக்கி நின்னா அந்த வைத்தியம் சரி, இதுக்கு இல்ல.

அப்டேட்ல டிரைவரே வராம மொத்தமா அடைக்கிற வழியும் இருக்கு, க்ரூப் பாலிசிங்கிற விண்டோஸ் கட்டுப்பாட்டு எடிட்டர்ல விண்டோஸ் அப்டேட்டோட டிரைவர்களைச் சேர்க்காதேங்கிற செட்டிங், ஹோம் எடிஷன்ல அந்த எடிட்டர் இல்லாததால ரெஜிஸ்ட்ரி வழியாப் போடுவாங்க. இதை வீட்டு மெஷினுக்கு நான் சொல்லவே மாட்டேன். இல்லாத ப்ரிண்டரோட டிரைவரை நிறுத்தப் போய், இருக்கிற வைஃபை, ப்ளூடூத், சவுண்டுக்கு வர்ற திருத்தமும் நின்னுரும், ஆறு மாசம் கழிச்சு ப்ளூடூத் ஏன் விட்டு விட்டு வருதுன்னு தேடும்போது இந்த செட்டிங் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இப்ப நிஜமா வேலை செய்ற வழி. டிவைஸ் மேனேஜரைத் திறந்து வியூ மெனுல ஷோ ஹிட்டன் டிவைசஸ் குடுத்தா, இப்ப மாட்டியில்லாததெல்லாம் மங்கலாத் தெரியும். விண்டோஸ் 7 காலத்துல இதுக்கே தனியா ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் வைக்கணும், இப்ப அந்த வேலை இல்ல. மங்கலா இருக்கிறதுல நமக்குத் தெரிஞ்ச பழைய கார்டு மேல ரைட் க்ளிக், அன்இன்ஸ்டால் டிவைஸ், அங்க டிரைவரையும் சேர்த்து எடுக்கவான்னு ஒரு டிக் பாக்ஸ் வந்தா அதையும் போடுங்க. ரெண்டு பாதியும் ஒரே இடத்துல முடிஞ்சுது. ப்ரிண்டர்னா முதல்ல செட்டிங்ஸ்ல ப்ரிண்டரை ரிமூவ் பண்ணிட்டு, ப்ரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்ல டிரைவர்ஸ் டேப்ல போய் டிரைவர், பேக்கேஜ் ரெண்டையும் எடுக்கச் சொல்லணும், உபயோகத்துல இருக்குன்னு மறுத்தா ஸ்பூலர் சர்வீஸை (ப்ரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்துற விண்டோஸ் சர்வீஸ்) ரீஸ்டார்ட் பண்ணின உடனே திரும்ப முயற்சி பண்ணுங்க. ஒரே எச்சரிக்கை, மங்கலா இருக்கிறதெல்லாம் குப்பை இல்ல. வீட்டுல இருக்கிற பென்டிரைவ், ஹெட்செட், இப்ப மாட்டாத எல்லாமே அப்படித்தான் தெரியும். பேர் தெரிஞ்சதை மட்டும் எடுங்க.

டிக் பாக்ஸ் வராத கேஸும் உண்டு, டிவைஸ் பதிவை எப்பவோ எடுத்துட்டு பேக்கேஜை மட்டும் விட்டுவச்ச கேஸும் உண்டு. அதுக்கு விண்டோஸ்லயே இருக்கிற பிஎன்பியூட்டில் கமாண்ட் இருக்கு, அட்மினா ஓட்டணும். வெளியில இருந்து வந்த பேக்கேஜ் எல்லாத்துக்கும் ஓஇஎம்12.ஐஎன்எஃப் மாதிரி ஒரு பேர் குடுத்திருக்கும், அந்தப் பேரைச் சொல்லி அழிக்கலாம். நம்பரை மட்டும் பாத்து அழிக்கிறது கையைக் கடிக்கும், ஒரு தடவை ஒரு நம்பர் தள்ளி அழிச்சு ஓடிக்கிட்டு இருந்த வைஃபையே போச்சு, டிரைவரை போன்ல இறக்கி யுஎஸ்பி கேபிள்ல ஏத்த வேண்டியதாச்சு. அதே கமாண்ட்ல எக்ஸ்போர்ட் வசதி இருக்கு, அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வச்சுருங்க. கமாண்ட் பழக்கமில்லன்னா டிரைவர் ஸ்டோர் எக்ஸ்ப்ளோரர்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் டூல், அதே வேலையை பட்டியல் போட்டு, சைஸ், தேதி, கம்பெனி பேரோட காட்டும், எனக்கு கமாண்டை விட இதுதான் பிடிக்கும், ஏன்னா எதை அழிக்கிறோம்னு கண்ணால பாக்கலாம். உபயோகத்துல இருக்கிறதையும் வலுக்கட்டாயமா அழிக்கிற ஃபோர்ஸ் டெலீஷன் டிக்கை மட்டும் தொடாதீங்க. ஃபைல்ரெபாசிட்டரிக்குள்ள நேரா போய் ஃபோல்டரை டெலீட் பண்றதும் கூடவே கூடாது, விண்டோஸோட கணக்கு வேற, டிஸ்க்ல இருக்கிறது வேறன்னு ஆயிரும். டிஸ்க் க்ளீனப்ல டிவைஸ் டிரைவர் பேக்கேஜஸ்னு இருக்கே, அது ஆபத்து இல்ல, ஆனா அது தூக்குறது புது வெர்ஷன் வந்தபிறகு மிஞ்சின பழசைத்தான்.

கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் டிடியு, அதாவது டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர். என்விடியால இருந்து ஏஎம்டிக்கோ, அங்க இருந்து இங்கயோ மாறுறீங்கன்னா இதுதான் முதல் தேர்வு, சர்வீஸ், ரெஜிஸ்ட்ரி, பேக்கேஜ்னு சுத்தமா வழிச்சுரும். அதே கம்பெனியில அடுத்த மாடலுக்குப் போறவங்களுக்கு பெரும்பாலும் தேவையே இல்ல, புது டிரைவரை அதுமேலயே போட்டாப் போதும். சேஃப் மோடுல, நெட் கேபிளைக் கழட்டிட்டு ஓட்டுங்க, இல்லன்னா அழிச்சு முடிச்ச உடனே விண்டோஸ் தானா ஒரு டிரைவரை இறக்கிரும். சேஃப் மோடுல பின் நம்பர் சில சமயம் எடுக்காது, பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கணும், டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரெக்கவரி கீ கையில இருக்கணும். டிரைவர் அப்டேட்டர்னு விளம்பரம் வர்ற சாஃப்ட்வேர் எதையும் இதுல நான் சேர்க்கல, விண்டோஸ்லயே இருக்கிற வேலைக்கு வெளியாளுக்கு அட்மின் உரிமை குடுக்க மனசு வரல.

கடை மெஷினுக்கு என்ன பண்ணேன்னா, ரெண்டு ப்ரிண்டரையும் ப்ரிண்ட் சர்வர் வழியா எடுத்தேன், கிராபிக்ஸ் கார்டுல இருந்து மெஷின்லயே இருக்கிற ஆன்போர்டு கிராபிக்ஸுக்கு மாறின கேஸுங்கிறதால டிடியு போட்டேன், டிவைஸ் மேனேஜர்ல மங்கலாக் கிடந்த ஒரு பழைய கைரேகை மெஷினையும் டிரைவரோட தூக்கினேன், மெமரி இன்டெக்ரிட்டியை மறிச்சது அதுதான், ரீஸ்டார்ட் பண்ணினதும் ஆன் ஆயிருச்சு. டிஸ்க்ல மூணு ஜிபி சொச்சம் கிடைச்சுது. ஆப்ஷனல் அப்டேட்ஸ்ல இப்ப ரெண்டே ரெண்டு வரி, ஸ்கேனருக்கு ஒண்ணு, ப்ளூடூத்துக்கு ஒண்ணு, ரெண்டும் கடையில இருக்கு, அதை மச்சானே ராத்திரி கடை சாத்துறப்ப போட்டுக்கிறேன்னுட்டாரு.