உருளைக்கிழங்கு என்று எழுதியிருந்த பொட்டலம்

ஸ்டார்ச்சிலிருந்து பிளாஸ்டிக் செய்து பார்க்கும் பெட்டி ஒன்றை, எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். உள்ளே 'உருளைக்கிழங்கு ஸ்டார்ச்' என்று அச்சிட்ட பொட்டலம், கிளிசரின், அயோடின், சிலிக்கோன் விரிப்பு, ஒரு சின்னக் கையேடு.

செய்முறையில் குறை சொல்ல முடியாது. தண்ணீரில் கலக்கிச் சூடாக்கினோம். 70 டிகிரியை ஒட்டி வந்ததும் கரண்டி இறுகியது. விரிப்பில் பரப்பிக் காயவிட்டு மூன்றாம் நாள் உரித்தால் தகடு முழுசாக வந்தது. கிளிசரின் சேர்க்காமலும் ஒன்று ஊற்றிப் பார்த்தோம். அது காயும்போதே விரிசல் விட்டுச் சில்லுச் சில்லாகப் போனது. ஸ்டார்ச்சில் கால்பங்கு போல இருக்கும் அமைலோஸ் நீளமான சங்கிலி. மீதி, கிளைகிளையாகப் பிரியும் அமைலோபெக்டின். தண்ணீர் போனதும் இவை ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. நடுவில் கிளிசரின் புகுந்தால்தான் நழுவ இடம் கிடைக்கும், தகடு வளையும். ஆனால் கையேடு சொல்லும் அளவு ரொம்ப அதிகம். ஈரக்காற்று அடித்த நாளில் தகடு பிசுபிசுவென்று விரலோடு வந்தது. பாதி ஊற்றினால் போதும்.

என் குறை வேறு. சூடாக்கிய கூழ் ஆறின பிறகும் வெள்ளையாகவே இருந்தது. உருளைக்கிழங்குக் கூழ் தெளிவாக இருக்க வேண்டும். அதன் அமைலோபெக்டினில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட் தொகுதிகள், சங்கிலிகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைப்பதால் ஸ்டார்ச் துகள் நன்றாக ஊதிவிடும். அயோடின் விட்டுப் பார்த்தோம், கருநீலம். அது ஒன்றையும் காட்டிக்கொடுக்காது. அமைலோஸ் எந்தச் செடியிலிருந்து வந்தாலும் தன் சுருளுக்குள் அயோடினைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் மகளே ஒரு உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, அடியில் தங்கிய வெள்ளையை வழித்தெடுத்தாள். வீட்டிலிருந்த நுண்ணோக்கியில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தோம். துருவியதில் பெரிய பெரிய முட்டை வடிவத் துகள்கள், சிப்பி ஓட்டில் இருப்பதுபோல ஓரம் சாய்ந்த வளையக் கோடுகள். பொட்டலத்தில் இருந்ததோ பொடிப்பொடியாக, மூலை மூலையாக, நட்டநடுவில் ஒரு புள்ளி. "அப்பா, இது வேற ஏதோப்பா" என்றாள். மக்காச்சோளத் துகள் அப்படித்தான் இருக்கும். உருளைக்கிழங்குத் துகள் 100 மைக்ரான் வரைகூட வளரும், மக்காச்சோளம் பெரும்பாலும் 20-ஐத் தாண்டாது. அந்தக் கூழ் ஏன் கலங்கலாக இருந்தது என்பதும் புரிந்தது. தானிய ஸ்டார்ச்சில் கொஞ்சம் கொழுப்பு அமைலோஸோடு ஒட்டிக் கிடக்கும், துகளை அவ்வளவாக ஊதவிடாது.

விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன். "எல்லாம் தாவர ஸ்டார்ச்தானே சார்" என்று பதில். தகடு மட்டும் வேண்டுமென்றால் சரிதான், மக்காச்சோளத்திலும் நல்ல தகடு வரும். ஆனால் இது கற்றுக்கொள்ள வாங்குகிற பெட்டி. லேபிளைத் திருத்தும்வரை ஐந்துக்கு மூன்றுதான். அந்த மூன்றில் ஒன்று, துருவிய உருளைக்கிழங்குக்கு.